யாரும் பற்ற வைக்காத கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை, முழங்காலில் உதித்தது. படியில் வழுக்கி விழுந்து தையல் போட்டிருந்தேன். பிரிக்கப் போன இடத்தில் ஆஸ்பத்திரியின் சூப்பரிண்டெண்ட் என்னைக் கண்டுகொண்டார். "நானே பிரிச்சு விடறேன்" என்று கத்தரியை வாங்கிக்கொண்டார்.

"உங்க தொடரெல்லாம் வாராவாரம் படிச்சவன் சார் நான். ஒரே ஒரு சந்தேகம். உங்க ஹீரோ சிகரெட் பத்த வைக்காம யோசிக்கவே மாட்டானா?"

"பழக்கமாயிடுச்சு டாக்டர்."

"அவனுக்கா, உங்களுக்கா?"

எனக்குப் புகைப்பழக்கமே கிடையாது. ஆனால் என் தொழிலுக்கு உண்டு. வில்லன் வருவதற்கு முன்னால் அவன் புகை வர வேண்டும். இன்ஸ்பெக்டர் பதில் தெரியாமல் விழிக்கும்போது விரலால் சாம்பலைத் தட்ட வேண்டும். கொலை நடந்த அறையில் வேறு எதுவும் கிடைக்காவிட்டால் ஒரு சிகரெட் துண்டாவது கிடைக்க வேண்டும். வாரப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்த வயதில் கற்ற வித்தை இது.

"இனிமே இந்த வளாகம் முழுக்கப் புகை கிடையாது" என்றார் அவர். "நோயாளி, கூட வர்றவங்க, டாக்டர், நர்ஸ், வாட்ச்மேன், எவருக்கும் கிடையாது. காத்திருக்கற ஹால்ல ஒட்டி வைக்க ஒரு கதை எழுதித் தாங்க. ஒரே நிபந்தனை. கதையில ஒருத்தர்கூடப் பத்த வைக்கக் கூடாது."

"வில்லன்?"

"வில்லனும்."

நான் பேரம் பேச வாயைத் திறந்தேன். அவர் கடைசித் தையலை உருவினார். "ஆ" என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

2

முதல் தொடக்கம்: *புகை மண்டலத்தைக் கிழித்துக்கொண்டு அவன் உள்ளே*

அடித்தாயிற்று.

இரண்டாவது தொடக்கம்: *ஜன்னலோரம் நின்ற டாக்டர், விரலிடுக்கில்*

இதுவும் போச்சு. டாக்டரின் விரலிடுக்கில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். கம்பீரம் வரவில்லை.

மூன்றாவது தொடக்கத்தில் ஒரு நுரையீரல் டாக்டர் வந்தார். ஊருக்கெல்லாம் உபதேசம், மாடிப்படிக்குக் கீழே... சரி, நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இரண்டாம் வரியிலேயே வாசகர் கண்டுபிடித்துவிடும் குற்றவாளியை நான் கைது செய்வதில்லை. டாக்டர் விடுதலை.*

(* பாவம், அவருக்கு நல்ல மீசை கொடுத்திருந்தேன். வேறொரு தொடரில் போட்டுக்கொள்கிறேன்.)

கடைசியில் ஒரு மூக்கில் தொடங்கினேன். அது நின்றது.

3

கால் வார்டின் தலைமை நர்ஸுக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். தப்பு. கோபம் வராது, வேர்க்கும். வார்டில் ஏதாவது சரியில்லை என்றால் யாரும் சொல்வதற்கு முன்னால் அந்த மூக்கின் நுனியில் ஒரு முத்து அரும்பும். அதைப் பார்த்ததும் வார்டு ஆயா துடைப்பத்தைத் தேடுவார், பயிற்சி டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் தேடுவார். எல்லாரும் அவளைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் பஸ் டிரைவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. வந்திருந்த வியாதி, புகை பிடிக்கிறவர்களின் காலைத் தேடி வருகிற வியாதி. ரத்தக்குழாய் சுருங்கிக்கொண்டே போகும். விரல் கறுக்கும். புகையை விட்டால் அதுவும் அங்கேயே நிற்கும். விடாவிட்டால் விரலிலிருந்து பாதம், பாதத்திலிருந்து முழங்கால் என்று மேலே ஏறும். இடது கால் விரல்களை ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. வலது கட்டை விரலில் ஒரு புண்.

"கிளட்ச் போச்சு சிஸ்டர்" என்பார் அவர், இடது காலைக் காட்டி. பிறகு வலது காலைக் காட்டுவார். "பிரேக்காவது மிஞ்சுமா?"

"புகையை விட்டா மிஞ்சும்."

"தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன?"

"வெள்ளம் இன்னும் கட்டை விரல்லதான் நிக்குது. தலைக்கு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கப் போறீங்களா?"

அவர் விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தார். மனைவி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். மனைவி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அவள் தையல்காரி, ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் உறையோடே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறவள்.

"என் தலை மேல அடிக்கடி சத்தியம் பண்ணாதீங்க. ஏற்கனவே முடி கொட்டுது."

(இந்த மனிதரை முதலில் ஒரு தொழிலதிபராகத்தான் எழுதினேன். கோட்டு, கார், உயில். மூன்று பக்கம் போனது. ஆனால் தொழிலதிபருக்குக் கால் போனால் கார் ஓட்ட ஆள் இருக்கிறான். டிரைவருக்குக் கால் போனால் சோறு போகும். உயிலைக் கிழித்துப் போட்டேன்.)

4

இப்போது ஒரு மர்மம் வேண்டும். வாரப் பத்திரிகைக்காரன் கதையில் மர்மம் இல்லை என்றால் பால்காரன் வீட்டில் பால் இல்லை என்பது போல.

டிரைவர் முதலில் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்றவர். நடக்கச் சொல்லாத ஆள் கிடையாது. "மெயின் ரோடு அடைச்சா வண்டி சந்து வழியாப் போகுமில்ல? அது மாதிரி, நடந்தாத்தான் ரத்தம் வேற வழி கண்டுபிடிக்கும்" என்று பெரிய சிஸ்டர் அவர் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தாள். "சந்துல நான் வண்டி விடறதில்ல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு நாள் வாக்கரைப் பிடித்து எழுந்தார். மறுநாள் வராந்தா முனை வரை போனார். அதற்கடுத்த நாள் வளைவைத் தாண்டினார். ஃபிசியோதெரபி தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. எந்நேரமும் "ஒண்ணு, ரெண்டு... ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணிக்கொண்டே திரிவதால் அவனுக்கு ஒண்ணு-ரெண்டு என்றே பெயர் விழுந்திருந்தது. வார்டே கை தட்டியது. பக்கத்துக் கட்டில்காரர், "அடுத்த தேர்தல்ல நில்லுங்க" என்றார்.

கை தட்டாத ஒன்று உண்டு. அந்தப் புண்.

புகையை விட்ட மனிதனின் புண் ஓரத்தில் சிவப்புத் தட்ட வேண்டும். இது சாம்பல் நிறத்திலேயே முறைத்துக்கொண்டிருந்தது. பெரிய சிஸ்டர் அவர் சட்டையை மோந்து பார்த்தாள். புகை வாசனை இல்லை. வாயைத் திறக்கச் சொன்னாள். மாத்திரை வாசனை. கையை நீட்டச் சொன்னாள். பளிச்சென்று இருந்தது.

அங்கேதான் மூக்கு வேர்த்தது.

ஒவ்வொரு கட்டில் கால்மாட்டிலும் கை துடைக்க ஸ்பிரிட் பாட்டில் ஒன்று மாட்டியிருக்கும். டாக்டர்களே அதை மறந்துவிடுவார்கள். வார்டிலேயே இவர் கட்டிலில் மட்டும்தான் பாட்டில் மளமளவென்று தீர்ந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு கேரியரோடு வந்த மனைவியிடம் பெரிய சிஸ்டர் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் ரொம்ப சுத்தமோ?"

"யாரு, இவரா? சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவுங்கன்னு சொன்னா சண்டைக்கு வர்ற ஆளு."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கட்டிலைப் பார்த்தார்கள். கட்டில் காலியாக இருந்தது.

5

(இங்கே 'தொடரும்' போட என் கை அரிக்கிறது. அடக்கிக்கொள்கிறேன்.)

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் சலவைக் கூடம். அதை ஒட்டிய முற்றத்தில் வார்டுப் போர்வைகள் வரிசை வரிசையாகக் காயும். புகைத் தடை வந்த அன்று கூட்டத்தில் எல்லாரும் கை தட்டி வரவேற்றார்கள். மறுநாளிலிருந்து கை தட்டியவர்களில் பாதிப் பேர் போர்வைக்குப் பின்னால்.

பெரிய சிஸ்டர் முற்றத்து வாசலில் நின்றாள். போர்வைகள் தரைக்கு ஒரு முழம் மேலே தொங்கின. அந்த இடைவெளியில் கால்கள் தெரிந்தன. பாலிஷ் போட்ட ஷூ இரண்டு. அது மயக்க மருந்து டாக்டர். ரப்பர் செருப்பு, வார்டு உதவியாளர். காக்கி மடிப்புக்குக் கீழே பூட்ஸ். 'புகைபிடிக்காதீர்' பலகையைக் காவல் காக்க நியமிக்கப்பட்ட அதே வாட்ச்மேன். நடுவில் வாக்கரின் நான்கு கால்கள். அவற்றுக்கு நடுவில் கட்டுப் போட்ட ஒரு பாதம்.

போர்வைக்கு மேலே என்ன நடந்தது என்று நான் எழுத மாட்டேன். நிபந்தனை நிபந்தனைதான். முற்றத்தில் போர்வை காயப் போட்டதே அதற்காகத்தான்.

இன்னொன்றும் தெரிந்தது. டிரைவர் களைத்தால் உட்கார ஒரு நாற்காலி. அதன் முதுகில் வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருந்தது: பிசியோதெரபி.

"ஒண்ணு-ரெண்டு!" என்று பெரிய சிஸ்டர் போட்ட சத்தத்தில் போர்வைக்குப் பின்னால் ஷூக்களும் செருப்பும் பூட்ஸும் நாலா பக்கமும் சிதறின. வாக்கர் மட்டும் நின்றது. வாக்கரோடு ஓட முடியாது.

6

"நான் சிகரெட் வாங்கித் தரல சிஸ்டர்" என்றான் ஒண்ணு-ரெண்டு. கண் கலங்கிவிட்டது. "சத்தியமாத் தரல. அவர் எதுக்கும் எந்திரிக்க மாட்டேன்னுட்டார். ஒரு நாள் ஜன்னல் வழியாப் பார்த்து, அங்க என்ன தம்பி கூட்டம்னு கேட்டார். வாங்க போய்ப் பார்க்கலாம்னேன். எந்திரிச்சுட்டார்!"

"சிகரெட் யார் குடுத்தா?"

"யாராவது குடுப்பாங்க. காசு கேட்டா குடுக்காதவன்கூட சிகரெட் கேட்டா குடுத்துடறான்."

"அதைப் பார்த்துக்கிட்டு நின்னியா?"

"நான் அவர் முகத்தைப் பாக்கல சிஸ்டர். காலைத்தான் பார்த்தேன். நாளுக்கு நாள் தூரம் கூடிக்கிட்டே போச்சு."

திட்டலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் பெரிய சிஸ்டருக்கு அது உறைத்தது. அவனுக்கு நடை, அவளுக்குப் புண். ஒரே காலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குணப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவன் ஜெயித்த ஒவ்வொரு அடியிலும் அவள் தோற்றிருக்கிறாள்.

முற்றத்துக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. டிரைவருக்குப் புகை நின்றது. நடையும் நின்றது. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கோவமா?" என்றாள் பெரிய சிஸ்டர்.

"கோவம் இல்ல. எங்க போகணும்னு தெரியல. போர்டு இல்லாம வண்டியை எடுக்கக் கூடாது சிஸ்டர்."

7

இனிமேல் என் பாடு. துப்பறியும் கதையில் குற்றம் செய்ய ஒருவனுக்குக் காரணம் கொடுப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொத்து, பொறாமை, பழைய காதல், ஏதாவது ஒன்று. படுத்துக் கிடப்பவன் எழுந்து நடக்க ஒரு காரணம் கொடு என்றால் பேனா நகர மாட்டேன் என்கிறது.

முதல் யோசனை: வராந்தாவின் அந்தக் கோடியில் மனைவி நிற்கிறாள். அவர் அவளை நோக்கி நடக்கிறார். இதை எழுதினேன். அவளே கெடுத்தாள்.

"நான் என்ன பஸ் ஸ்டாப்பா? தைக்க வேண்டிய ரவிக்கை மலை மாதிரி கிடக்கு. கல்யாணமான நாளா நான் கூப்பிட்டு முனைக் கடை வரைக்கும் வராத மனுஷன், இப்ப வந்துடுவாரா?"

இரண்டாவது யோசனை: சூப்பரிண்டெண்ட் கட்டிலருகே வந்து உருக்கமாக ஒரு சொற்பொழிவு

வேண்டாம். நீங்கள் பக்கத்தைப் புரட்டும் சத்தம் இங்கே கேட்கிறது.

மூன்றாவது யோசனையை நான் யோசிக்கவில்லை. பெரிய சிஸ்டர் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தபோது அதுவாக வந்தது. ஜன்னலுக்கு வெளியே, ஆஸ்பத்திரி கேட்டருகில், வேலைக்கு வருகிறவர்களை ஏற்றிவரும் ஊழியர் பஸ் வந்து நின்றது. இறக்கிவிட்டபின் அங்கேயே பின்னால் வந்து திரும்ப வேண்டும். புது டிரைவர். ரிவர்ஸ் கியர் 'கர்ர்ர்ர்' என்று கதறியது.

பெரிய சிஸ்டரின் கையில் இருந்த கட்டை விரல் வெடுக்கென்று கீழே அமுங்கியது.

"காலை ஆட்டாதீங்க."

"நான் ஆட்டல சிஸ்டர். அது தானா பிரேக் போடுது."

மறுபடி 'கர்ர்ர்ர்'. மறுபடி கால் அமுங்கியது. சுவரைப் பார்த்துக் கிடந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

பெரிய சிஸ்டர் பஞ்சைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாள்: "நேத்து அந்த பஸ் தண்ணிக் குழாயில இடிச்சுடுச்சு."

"எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்."

"இடது ஓரமா, வலது ஓரமா?"

"எனக்கென்ன தெரியும்? வேணும்னா போய்ப் பாருங்க."

மறுநாள் பஸ் சத்தம் கேட்டதும் கட்டில் கிறீச்சிட்டது.

"தம்பி! வாக்கரை எடு. அந்த கியர்பாக்ஸ் என்ன பாவம் பண்ணிச்சு?"

8

டிரைவர் கேட்டை அடைவதற்குள் அன்றைக்கு பஸ் போயே போய்விட்டது. மறுநாள் சீக்கிரம் கிளம்பினார். அதற்கு மறுநாள் இன்னும் சீக்கிரம். ஒரு வழியாக பஸ்ஸைப் பிடித்தபோது உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது ஒரு பெண்.

"பெரியவரே, ஓரமா நில்லுங்க. பஸ் பின்னாடி வருது."

"யாரும்மா பெரியவர்? ஸ்டீயரிங்கை இப்பவே ஒடிச்சுட்டா, அப்புறம் எதை ஒடிப்பே?"

"நீங்க யாரு சொல்ல?"

"பஸ் டிரைவர்."

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். "எந்த வண்டி?"

அவர் வாக்கரை ஒரு தட்டுத் தட்டினார். "இப்போதைக்கு இது. எஃப்சி எல்லாம் கரெக்டா இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். "சரி அண்ணே. பின்னாடி நின்னு சொல்லுங்க, பாப்போம்."

அன்றிலிருந்து அவர் ஊழியர் பஸ்ஸின் சம்பளமில்லாத கண்டக்டர். ஒரு கை வாக்கரில். மறு கையால் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவார். 'டப் டப்' என்றால் வா. ஒரே 'டப்' என்றால் நில். அவர் தட்டாமல் அவள் பின்னால் எடுப்பதில்லை. ஒண்ணு-ரெண்டு துணைக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். "தனியா போறார் சிஸ்டர்!" என்று குதித்தான். கட்டுப் பிரித்தபோது புண்ணின் ஓரத்தில், நகத்தின் அளவுக்கு, இளஞ்சிவப்பு.

பெரிய சிஸ்டர் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த முறை வேர்த்தது மூக்கில் இல்லை.

9

இங்கே 'முற்றும்' போட்டால் சூப்பரிண்டெண்ட் சட்டம் போட்டு மாட்டுவார். போடலாம்தான். ஆனால் பஸ்ஸை கேட்டில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி; அந்தப் பக்கம் தெரு. சூப்பரிண்டெண்டின் தடை கேட்டோடு முடிந்துவிடுகிறது. டிரைவரின் ரத்தக்குழாய்க்கு கேட் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

இப்படி நடக்கிறது: தெருவில் ஒரு டவுன் பஸ் சடாரென்று நிற்கிறது. டிரைவர் சீட்டிலிருந்து ஒருவர் குதித்து ஓடி வருகிறார். நம் டிரைவரோடு ஒரே டிப்போவில் வேலை பார்த்தவர். "டேய் மாப்ளே!" என்று கட்டிப்பிடிக்கிறார். காலைப் பார்க்கிறார். பேச்சு வரவில்லை. பேச்சு வராத ஆண்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்கிறார்: பாக்கெட்டில் கை விட்டு ஒரு சிகரெட்டை எடுத்து நண்பன் விரலில் செருகுகிறார். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதுகிறார். "அப்புறம் வர்றேன்டா!" ஓடிவிடுகிறார்.

வில்லன் இல்லாத கதை என்று நினைத்தேன். வந்தார்; அன்பாக வந்தார்.

இப்போது டிரைவரின் ஒரு கையில் வாக்கர். மறு கையில் சிகரெட். அவருக்கு எதிரே கியர் போட்டுக் காத்திருக்கிறது ஊழியர் பஸ்.

"அண்ணே! எடுக்கட்டுமா?" என்கிறாள் அந்தப் பெண், கண்ணாடியில் பார்த்தபடி. "தட்டுங்க அண்ணே. நீங்க தட்டாம நான் எடுக்க மாட்டேன்."

மேலே, வார்டு ஜன்னலில் பெரிய சிஸ்டர். கூப்பிட்டால் கேட்காத தூரம். அவள் மூக்கு நுனியில் ஒரு முத்து.

எழுதியதை சூப்பரிண்டெண்டிடம் கொண்டுபோனேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முடிவு எங்க சார்?"

"ஹால்ல உக்காந்திருக்கு டாக்டர்."

உங்களைத்தான் சொன்னேன். டோக்கன் கூப்பிடும் வரை பொழுது போகாமல் சுவரில் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்களை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கேட் வழியாக உள்ளே வந்தீர்கள். வரும்போது வாக்கரோடு ஒருவர் நின்றிருந்தாரே, நினைவிருக்கிறதா? உங்கள் சட்டைப் பை லேசாகப் புடைத்திருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"சார், தீப்பெட்டி இருக்கா?"

நான் வாக்குத் தவறவில்லை. இந்தக் கதையில் டாக்டரோ, டிரைவரோ, நண்பரோ, ஒருவர்கூட உங்கள் கண் முன்னால் பற்ற வைக்கவில்லை. தேடிப் பாருங்கள், முதல் பக்கத்திலிருந்து இங்கே வரை ஒரு தீக்குச்சிகூட நான் கொடுக்கவில்லை. இருக்கும் ஒரே பெட்டி உங்களிடம்தான் இருக்கிறது.

பதில் சொல்லுங்கள். பஸ் நிற்கிறது.